போர் தண்ணீரில் மீன்தொட்டிச் செடி: கரைவது செடியா, பழைய இலையா?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். இரண்டடி தொட்டி, வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் 850. உள்ளே எட்டு கப்பி, இரண்டு மோலி. வெள்ளை எல்இடி லைட் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது. மூன்று தடவை செடி வாங்கி வைத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, கொழகொழத்துக் கரைந்துவிடுகின்றன, கூடவே பாசியும் பிடிக்கிறது. அழுகியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறீர்கள். இப்போது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குவதா, ஆர்ஓ தண்ணீருக்கு மாறுவதா என்று கேட்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்பது "என் வீட்டுத் தண்ணீரில் செடி வளரவே வளராதா?" என்பதைத்தான். வளரும். இப்போதைக்கு சிலிண்டரும் வேண்டாம், ஆர்ஓவும் வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் தாவரவியல் படித்தவன். பத்தொன்பது வருடமாக வீட்டில் நீர்ச்செடி வளர்க்கிறேன், அதில் பெரும்பகுதி சென்னைப் புறநகரின் கடினமான போர் தண்ணீரில்தான். கீழே சொல்வதில் செடியின் உடலமைப்பைப் பற்றியது பாடப்புத்தக விஷயம், சந்தேகம் இல்லாதது. தொட்டிப் பராமரிப்பைப் பற்றியது என் அனுபவமும் மற்ற வளர்ப்பவர்களின் அனுபவமும் கலந்தது. எங்கே ஆட்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறதோ அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கரைதல். கடையில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் செடியைப் பார்த்தால் அது தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகொரைன், லுட்விஜியா, ரொட்டாலா, பகோப்பா போன்றவற்றைப் பண்ணைகளில் வேர் மட்டும் ஈரத்தில் இருக்கும்படி, இலை முழுக்கக் காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் மழைக்காலத்தில் மூழ்கி, கோடையில் வெளியே நிற்பது இவற்றின் இயல்பு என்பதால் இரண்டு வாழ்க்கையும் இவற்றுக்குத் தெரியும். காற்றில் வளர்த்தால் செடி வேகமாகப் பெருகும், பாசி பிடிக்காது, பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் தாங்கும். பண்ணைக்காரருக்கு அதுதான் வசதி. அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

காற்றில் வளர்ந்த இலை வேறு மாதிரியான இலை. தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். காற்றை இழுக்க இலைத்துளைகள் இருக்கும். தானாக நிமிர்ந்து நிற்க உறுதியான நாரும் இருக்கும். தண்ணீருக்குள் இந்த மூன்றும் வேண்டாத சுமை. மெழுகு கரியமில வாயுவை உள்ளே விடாது, துளைகளுக்கு வேலையே இல்லை. அதனால் மூழ்கிய செடி அந்த இலைகளைக் கைவிடுகிறது. அவற்றில் இருக்கும் சத்தில் முடிந்ததை இழுத்துக்கொண்டு, மெல்லியதாக, மெழுகு அநேகமாக இல்லாததாக, துளைகள் இல்லாததாகப் புது இலை விடுகிறது. நீங்கள் பத்தாம் நாளில் பார்த்தது இந்த மாற்றத்தின் பாதி வழி. வாட்டர் விஸ்டீரியா என்று கடைகளில் விற்பார்களே, நம் துணைக்கண்டத்துச் செடி, அதை வைத்துப் பாருங்கள். காற்றில் வளர்ந்த இலை ஓரத்தில் பல் வைத்த முழு இலையாக இருக்கும். தண்ணீருக்குள் விடும் இலை கொத்தமல்லித் தழையைப் போலப் பிரிந்து பிரிந்து இருக்கும். ஒரே தண்டில் மேலும் கீழும் இரண்டு செடி ஒட்டவைத்தது போலத் தெரியும்.

ஆக, நீங்கள் மூன்று தடவையும் பிடுங்கிப் போட்டது செத்த செடியாக இல்லாமல், இலை மாற்றிக்கொண்டிருந்த செடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைச் சோதிப்பது சுலபம். இலை கரைந்தாலும் தண்டையோ கிழங்கையோ விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து, அழுகல் நாற்றம் அடித்தால் போய்விட்டது. கெட்டியாக இருப்பதை இடத்தை விட்டு அசைக்காதீர்கள், கரைந்த இலையை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அது அழுகி அம்மோனியாவாகிப் பாசிக்குத் தீனியாகும். கிரிப்டோகொரைனுக்கு இந்த விஷயத்தில் தனிப் பெயரே உண்டு, 'கிரிப்ட் மெல்ட்' என்பார்கள். இடம் மாறினாலும், தண்ணீர் மாறினாலும், சில நேரம் லைட்டை மாற்றினால்கூட ஒரு வாரத்தில் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு வெறும் தரையாக நிற்கும். மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் சின்னச் சின்ன முளையாக வரும். என்னிடம் இருக்கும் வெண்ட்டி என்ற கிரிப்டோகொரைன் வகையை, இலங்கையைத் தாயகமாகக் கொண்டது, வீடு மாறியபோது முழுக்க உதிர்ந்துபோய் ஐந்தாவது வாரத்தில்தான் திரும்பப் பார்த்தேன். இன்று அது கையளவு பரவி நிற்கிறது.

இன்னொரு சாத்தியத்தையும் பார்த்துவிட வேண்டும். வாங்கியது நீர்ச்செடியே இல்லாமல் இருக்கலாம். லக்கி பாம்பூ, சிங்கோனியம், மாண்டோ கிராஸ், ஊதா நிறத்தில் சுருங்கிய இலையோடு வரும் பர்ப்பிள் வாஃபிள், இதெல்லாம் நிலத்துச் செடிகள். வேர் தண்ணீரில் நிற்கலாம், இலை மூழ்கினால் சில வாரமோ சில மாதமோ தாக்குப்பிடித்து அழுகும். அவற்றுக்குத் தண்ணீருக்குள் வாழும் இலை விடத் தெரியாது, எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் பயன் இல்லை. 'பத்து நாளில் பசும்புல் தரை' என்று ஆன்லைனில் வரும் விதைப் பொட்டலங்களையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அழகாக முளைக்கும், தண்ணீர் முழுக்க நிரப்பிய பின் கொஞ்ச நாளில் மொத்தமாக அழுகித் தொட்டியையே நாசமாக்கும். தரையில் புல்வெளி போலப் பரவும் உண்மையான கார்பெட் செடிகள் நாற்றாகத்தான் விற்பனைக்கு வருகின்றன.

சரி, தண்ணீருக்கு வருவோம். டிடிஎஸ் 850 என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உத்தேசக் கணக்கு. அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு சோடியம், எவ்வளவு பைகார்பனேட் என்று அந்த மீட்டர் சொல்லாது. செடிக்கு அதுதான் முக்கியம். கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் சேர்ந்த கடினத்தன்மை பல செடிகளுக்கு நல்லது. கடல் பக்கத்துப் போர்களில் வருவதைப் போலச் சாதாரண உப்பே அதிகமாக இருந்தால் அது வேறு கதை, நாக்கில் வைத்தாலே கரிக்கும். கீசரிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா, வாயில் கரிப்பு இல்லையா, அப்படியானால் உங்களுடையது முதல் வகை. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் அளவு), கேஎச் (பைகார்பனேட் அளவு) என்ற இரண்டு சொட்டுச் சோதனைக் குப்பிகள் கடைகளில் கிடைக்கும், அவற்றை வாங்கிப் பார்க்கலாம். கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரை விரும்பும் மீன்கள். அவை குட்டி போட்டுக்கொண்டு சுகமாக இருக்கின்றன என்றால் அதுவும் ஒரு நல்ல அடையாளம்.

பைகார்பனேட் ஏன் முக்கியம் என்றால், ஈரம் போக உலர்ந்த செடியின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது கார்பன். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது. தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெறுமனே காற்றோடு ஒட்டியிருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கரைந்திருக்கும். மூழ்கிய செடியின் பெரிய வறுமை இதுதான். இந்த வறுமையைச் சமாளிக்கச் சில செடிகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கின்றன. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா இரண்டும் அந்த வகை. உங்கள் போர் தண்ணீர் அவற்றுக்குப் பஞ்சமில்லாத சமையலறை. நல்ல வெளிச்சத்தில் இவற்றின் இலைமேல் வெள்ளையாகச் சொரசொரப்பாக ஒரு படிவு பிடிக்கும். நோய் என்று பயந்துவிடாதீர்கள். பைகார்பனேட்டை உடைத்தபின் மிஞ்சும் சுண்ணாம்பு அது. எல்லாச் செடிக்கும் இந்தத் திறமை கிடையாது. மாஸ் வகைகளும் கபோம்பாவும் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டுமே நம்பியிருப்பவை, உங்கள் தண்ணீரில் கபோம்பா நூலாய் இளைத்து உதிர்ந்தால் ஆச்சரியம் இல்லை.

வாலிஸ்நேரியா என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மூடிய சிறு நீர்நிலையில் செடியும் மீனும் ஒன்றையொன்று வாழவைக்குமா என்று பார்த்தார். அவர் வைத்தது இரண்டு தங்கமீனும் வாலிஸ்நேரியாவும். கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகின, பச்சையாக வழவழப்பு படர்ந்தது, தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், அதன்பின் தொட்டி தெளிந்து நிலைத்தது. வீட்டு மீன்தொட்டியின் தொடக்கக் கதைகளில் முக்கியமானது இது. அதிலும் உங்களுக்கு வந்த அதே தொல்லைதான், முதலில் இலை அழுகல், பின்னாலேயே பாசி. செடியோடு ஒட்டி வரும் சின்ன நத்தைகளைக் கண்டு பலர் பதறுகிறார்கள். மீனுக்குத் தீனி அளவாகப் போட்டால் நத்தை அளவாகவே இருக்கும், நான் அவற்றை விரட்டுவதில்லை.

ஆர்ஓ பற்றி. ஆர்ஓ தண்ணீரில் ஏறக்குறைய எதுவுமே இருக்காது, கால்சியமும் இருக்காது. அதை மட்டும் ஊற்றினால் கப்பிக்கும் கஷ்டம், செடிக்கும் கஷ்டம். பின்னால் மென்மையான தண்ணீர் கேட்கும் செடிகளில் ஆசை வந்தால், போர் தண்ணீரும் ஆர்ஓவும் பாதிப் பாதி கலக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் முதல் ஒன்றிரண்டு மழையை விட்டுவிட்டு, மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் அதைவிட நல்லது, செலவும் இல்லை. ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் வீட்டிலோ அடுக்ககத்திலோ தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் பிடியுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. டிடிஎஸ் குறையாது, செடிக்கு வேண்டியது போய் வேண்டாதது வந்திருக்கும். நல்ல தண்ணீர் என்று நினைத்து இதை ஊற்றிவிட்டுச் செடி ஏன் குட்டையாக, சுருண்டு வருகிறது என்று கேட்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலப்பதாக இருந்தால் குளோரினுக்கு ஆன்டி குளோரின் போட்டுவிடுங்கள்.

இனி சிலிண்டர். கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் செடி நன்றாக வளரும் என்பதில் சந்தேகமே இல்லை, வளர்ச்சி சில மடங்கு கூடும். நீங்கள் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்ட படங்கள், பச்சைப் புல்வெளியும் செக்கச் சிவந்த தண்டுகளுமாக இருப்பவை, பெரும்பாலும் ஜப்பானியர் தகாஷி அமானோ 1990-களில் உலகறியச் செய்த பாணியில் வந்தவை. 2015-இல் காலமான அந்த மனிதரின் தொட்டிகளில் வலுவான விளக்கு, கார்பன் டை ஆக்சைடு, உரம் ஊட்டிய மண், வாராவாரம் கத்தரிப்பு, தாராளமாகத் தண்ணீர் மாற்றம் எல்லாம் ஒன்றாகவே நடந்தன. அதில் ஒன்றை மட்டும் எடுத்து நம் தொட்டியில் வைத்தால் பொருந்தாது. லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை செலுத்துவார்கள், அதைத் தாண்டினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். அடிப்படை சரியில்லாத தொட்டியில் சிலிண்டர் வைப்பது பிரச்சினையின் வேகத்தைத்தான் கூட்டும். 'லிக்விட் கார்பன்' என்று குப்பியில் விற்கும் மருந்து பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு, மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுவது. பாசியைக் கொல்லும், அது உண்மை. ஆனால் வாலிஸ்நேரியாவையும் சேர்த்துக் கரைத்துவிடும், கையில் பட்டால் எரியும், ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் தொட்டியில் உடனே மாற்ற வேண்டியது லைட் நேரம். பன்னிரண்டு மணி நேரம் மிக அதிகம். இலை உதிர்த்து நிற்கும் செடியால் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது, பாசியால் முடியும். முதல் ஆறு வாரத்துக்குத் தினம் ஆறு மணி நேரம் போதும், பிறகு மெல்ல ஏழு, எட்டு என்று கூட்டலாம். ஒரு டைமர் ப்ளக் வாங்கிப் பொருத்திவிட்டால் ஊருக்குப் போனாலும் கவலை இல்லை. லைட்டுக்கென்று விலை கொடுத்து வாங்க வேண்டாம், உங்கள் அளவுத் தொட்டிக்கு 6500 கெல்வின் என்று போட்ட சாதாரண 10 வாட் வெள்ளை எல்இடி ட்யூபே நான் கீழே சொல்லப்போகும் செடிகளுக்குப் போதுமானது. ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள், விழுந்தால் ஒரு அட்டையை மறைவாக வையுங்கள்.

தரையும் உரமும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்ணக் கிராவல் போட்ட தொட்டிகளில் இலை மாற்றம் முடிந்தபின் செடி தேங்கிப்போவது பெரும்பாலும் பட்டினியால்தான். வண்ணக் கல்லில் சத்து எதுவும் இல்லை. மீன் கழிவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவு கிடைத்துவிடும், பொட்டாசியமும் இரும்பும் அவ்வளவு கிடைக்காது. செடியே இதை இலையில் எழுதிக் காட்டும். கீழ் இலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து அதைச் சுற்றி மஞ்சளித்தால் முதலில் பொட்டாசியத்தைச் சந்தேகியுங்கள். கீழ் இலை மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன். புதுத் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. பொட்டாசியத்துக்கும் நைட்ரஜனுக்கும் உரக்கடையில் 13:0:45 என்று கேளுங்கள், பொட்டாசியம் நைட்ரேட், சொட்டுநீர் விவசாயிகள் வாங்குவது. உங்கள் இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக உத்தேசமாக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதற்கு வாரம் அரை கிராம் கரைத்து ஊற்றினால் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் நைட்ரேட்டும் 4 மில்லிகிராம் பொட்டாசியமும் சேரும். அதுவே தாராளம். நகைத் தராசு மாதிரிச் சின்ன எடைமானி இருந்தால் நல்லது, கண்ணளவில் போடாதீர்கள். அதே கடையில் 19:19:19 கொடுப்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கும். உங்கள் தண்ணீரைப் போலக் காரத்தன்மை உள்ள, சூடான தண்ணீரில் அம்மோனியா மீனை ஒரே இரவில் கொன்றுவிடும்.

இரும்பு விஷயத்தில் கடினத் தண்ணீருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. உரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஈடிடிஏ என்ற வேதிப்பொருளோடு பிணைத்த இரும்பு. பிஎச் 7-க்கு மேல் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து இரும்பு துருவாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால் நான் இரும்பைத் தண்ணீரில் ஊற்றுவதை விட்டுவிட்டு வேரடியில் கொடுக்கிறேன். செங்களிமண்ணைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி நிழலில் காயவைத்து, ஸ்வோர்டுக்கும் கிரிப்டோகொரைனுக்கும் வேருக்குப் பக்கத்தில் இரண்டங்குல ஆழத்தில் புதைத்துவிடுவேன். காற்றுப் புகாத அந்த ஆழத்தில் மண்ணில் இருக்கும் இரும்பு வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாறும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். புதிதாகத் தொட்டி அமைப்பவராக இருந்தால், அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் பிரபலப்படுத்திய முறையில், ஓரங்குலம் தோட்ட மண்ணும் அதன்மேல் ஓரங்குலம் கழுவிய ஆற்று மணலும் போடச் சொல்லியிருப்பேன். எரு கலக்காத மண்ணாக இருக்க வேண்டும், முதல் சில வாரம் அம்மோனியா வெளிவரும் என்பதால் மீனை உடனே விடக்கூடாது. மீன் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இப்போது அதைக் கிளற வேண்டாம், உங்களுக்கு உருண்டை முறையே போதும். மணல் வாங்கினால் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது, ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. கோடையில் நம் தொட்டிகள் 31, 32 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும், செடியும் இரவில் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அடர்ந்த செடித் தொட்டியில் விடிகாலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் காரணம் அதுதான். லைட் அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும். மூடியைத் திறந்து தண்ணீர்மேல் ஒரு சின்ன ஃபேன் காற்றை விட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், புழுக்கமான நாளில் அதுவும் குறைவாகவே இறங்கும். ஆவியாகும் தண்ணீரை மட்டும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். அதனால் நிரப்புவதோடு நிறுத்தாமல் வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில. முடி போலக் கருப்பாக இலை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பாசி வந்தால் அதற்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குவதுதான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வேறு சிலர் அழுக்கு சேர்ந்த தொட்டியைக் காரணம் காட்டுவார்கள். என் தொட்டிகளில் இரண்டுக்கும் சாட்சி இருந்திருக்கிறது, பாதித்த இலையை வெட்டி எறிவது மட்டும் எப்போதும் பலன் தந்திருக்கிறது. பாஸ்பேட்தான் பாசிக்குக் காரணம், அதை முழுக்க நீக்க வேண்டும் என்ற கருத்தும் அப்படித்தான். பாஸ்பேட் தாராளமாக இருந்தும் பாசி இல்லாத செடித் தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செடிகள் ஒருவித வேதிப்பொருளை விட்டுப் பாசியை அடக்குகின்றன என்பது ஆய்வகத்தில் சில செடிகளுக்குக் காட்டப்பட்டது, வாராவாரம் தண்ணீர் மாற்றும் வீட்டுத் தொட்டியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்குப் போதிய சான்று கிடையாது. செடி நன்றாக வளரும் தொட்டியில் பாசி குறைகிறது என்பதுவரை நிச்சயம்.

நான் உங்கள் தொட்டியை நேரில் பார்க்கவில்லை. வாங்கிய செடிகளின் பெயரும் நீங்கள் எழுதவில்லை. அதனால் மேலே இலை மாற்றம் என்று சொன்னது நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்து நான் கணிப்பதுதான், தண்டை அழுத்திப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நாக்கில் வைத்துத் தண்ணீர் கரித்தால் நான் இப்போது சொல்லப்போகும் செடிப் பட்டியலும் மாறும். கரிக்காது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சென்னையில் மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போக முடிந்தால் போய்ப் பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா ஒரு பத்துச் செடி வாங்குங்கள். நடுவில் வாட்டர் விஸ்டீரியாவும் பகோப்பாவும் வைக்கலாம். பகோப்பா வேறொன்றுமில்லை, நம் வயல் வரப்பில் வளரும் நீர்ப்பிரமிதான். முன்னால் கிரிப்டோகொரைன் வெண்ட்டி. ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் நூலால் கட்டிவையுங்கள். இந்த இரண்டின் கிழங்குத் தண்டையும் கிராவலுக்குள் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். சிவப்புச் செடிகளை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஒன்றிரண்டு செடி வாங்கிப் பார்க்கலாம் என்று தொடங்காமல் முதல் நாளே தரையில் பாதிக்கு மேல் மூடும் அளவுக்கு வையுங்கள், வெளிச்சமும் சத்தும் பாசிக்குப் போகாமல் இருக்க அதுதான் வழி. வாங்கி வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நான்கு நாள் தனியாக வைத்து, தினமும் அலசித் தண்ணீரை மாற்றிவிட்டுப் பிறகு நடுங்கள். பூச்சிமருந்து மிச்சம் இருந்தால் போய்விடும், தட்டான் பூச்சியின் இளம்புழு ஒட்டி வந்திருந்தால் கண்ணில் படும். அது கப்பிக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

நட்டபின் ஆறு வாரம் எதையும் பிடுங்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். வாலிஸ்நேரியாகூட, தண்ணீருக்குள்ளேயே வளர்ந்ததாக இருந்தாலும், உங்கள் தண்ணீருக்கு வந்ததும் முதலில் இலை கரையும். அப்புறம் மண்ணுக்குள் ஓடுதண்டு விட்டு, எதிர்பாராத இடத்தில் ஒரு குட்டியைத் தலைநீட்டவைக்கும். அதைப் பார்த்துவிட்டால் தொட்டி நிலைத்துவிட்டது என்று அர்த்தம். நான்கு மாதத்தில் உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே செடி இருக்கும், மாதம் இருமுறை வெட்ட வேண்டி வரும்.

வெட்டியதை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டியில் போடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ கழிவுநீரிலோ ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான். 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளபாண்டியில் ஒரு கால்வாய் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்ததைப் படமெடுக்கக் கூட்டம் கூடியது நினைவிருக்கலாம். அங்கே பூத்தது கபோம்பா, அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்த, மீன்தொட்டிகளுக்காக விற்கப்படும் செடிதான். ஒரு விரல் நீளத் தண்டு போதும், அது புதுச் செடியாகிவிடும்.